வழியும் விடையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகப் பாட்டையும் உரையையும் பேணி வளர்த்த இவ்வவையில், பள்ளிச் சிறார் கற்கும் கூட்டலையும் கழித்தலையும் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். "கணக்கு என்றாலே எனக்கு ஆகாது" என்று கூறுவது தமிழ் படித்தாரிடையே ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. எழுதத் தெரியாது என்று கூற நாணுவோர் கணக்குத் தெரியாது என்று கூற நாணுவதில்லை. சிலர் அதனை ஓர் அணியாகவே பூண்டுகொள்கின்றனர். பெரியோர் புன்னகையோடு கூறும் அச்சொல்லை வீட்டில் உள்ள சிறுமி கேட்டுக்கொண்டிருக்கிறாள். தமிழ் ஒரு கரை, கணக்கு மறு கரை. ஒன்றில் நின்றால் மற்றொன்றை விட்டுவிடலாம் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். பின்னாளில் ஒரு கணக்குத் தவறும்போது, அது தன் தலையெழுத்து என்று அமைதி கொள்கிறாள்.

இவ்வுரை கூற விழைவது ஒன்றே. கணக்கில் விடையினும் வழி பெரிது. அவ்வழி மொழியால் ஆனது. ஆதலின் அதனைக் காக்கும் கடமை தமிழறிந்தார்க்கும் உண்டு.

எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் உயிர்வாழ்வார்க்கு இரு கண்களாக வைத்தவர் வள்ளுவர். ஒன்று பாவலர்க்கு, மற்றொன்று வணிகர்க்கு என்று அவர் பங்கிடவில்லை. ஒருவர்க்கே இரண்டு கண்களும் வேண்டும் என்பதே அவர் கருத்து. தமிழ்ச் சொற்களும் இவ்வுறவுக்குச் சான்று பகர்கின்றன. 'எண்ணுதல்' என்னும் வினை எண்ணிக்கையையும் குறிக்கும், சிந்தித்தலையும் குறிக்கும். சங்க நூல்களையும் அவற்றை அடுத்து வந்த நூல்களையும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றே தொகுத்து வழங்கினர். ஆசிரியரைக் குறித்த பழஞ்சொல் கணக்காயர் என்பது. நக்கீரனாரை மதுரைக் கணக்காயனார் மகனார் என்று கூறும் மரபை அவையோர் அறிவர்.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பள்ளிச் சிறுவன் "ஈரிரண்டு நான்கு" என்று ஓதுவதும் வாய்பாடு. பாவலர் "தேமா, புளிமா" என்று கூறுவதும் வாய்பாடு. 'தமிழ்மொழி' என்னும் சீரை அலகிடுவோர் என்ன செய்கின்றனர்? 'தமிழ்' என்பதில் இரு குறில் இணைந்து ஒற்றடுத்து வந்தமையின் அது நிரை. 'மொழி' என்பதில் இரு குறில் இணைந்து வந்தமையின் அதுவும் நிரை. நிரைநிரை என்பதன் வாய்பாடு கருவிளம். பிரித்தல், பெயரிடுதல், சேர்த்தல், விதியோடு ஒப்பிடுதல் என்று நான்கு படிகள் இதில் உள்ளன. பள்ளிக் கணக்கின் செய்முறையும் இதுவே. அலகிடத் தெரிந்தவர் எவரும் கணக்கு வராது என்று கூறுவதற்கில்லை.

ஒரு சிறுமியின் கழித்தல்

தொடக்கப்பள்ளிச் சிறுமி ஒருத்தியைக் கருதுவோம். 503-இலிருந்து 278-ஐக் கழிக்கவேண்டும். அவள் எழுதிய விடை 375. ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இடுகிறார். கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

அந்த 375 எங்கிருந்து வந்தது என்று கேட்டார் உண்டா? ஒன்றாம் இடத்தில் மேலே 3, கீழே 8. மூன்றிலிருந்து எட்டைக் கழிக்க இயலாமையால் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5 என்று எழுதினாள். பத்தாம் இடத்தில் சுழியிலிருந்து ஏழைக் கழிக்க இயலாமையால் 7 என்றே எழுதினாள். நூறாம் இடத்தில் ஐந்தில் இரண்டு போக 3. 'எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று ஒரு விதியைத் தானே ஆக்கிக்கொண்டு, அதனை மூன்று இடத்திலும் வழுவாது பின்பற்றியிருக்கிறாள். விதி தவறு, ஆயின் அவள் கவனம் அற்றவள் அல்லள். பாட வேறுபாடு கண்ட பதிப்பாசிரியர் ஏடெழுதியவர் எங்கே பிறழ்ந்தார் என்று ஆராய்வது போல, இவ்விடையையும் ஆராய்ந்தால் அவள் மனம் சென்ற நெறி புலப்படும். சிவப்புக் கோடு அந்நெறியைக் காணாமலே கடந்துவிடுகிறது.

இனிச் சரியான வழியைக் காண்போம். பள்ளிகளில் இதனைக் கடன் வாங்கிக் கழித்தல் என்பர். அச்சொல்லே குழந்தையை இடர்ப்படுத்துகிறது. யாரிடம் வாங்கிய கடன்? திருப்பிக் கொடுப்பது எப்போது? பக்கத்து வீட்டில் இருப்பதோ சுழி; ஒன்றும் இல்லாதவரிடம் கடன் கேட்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடையில்லாமையால் அவள் தன் விதியை ஆக்கிக்கொண்டாள்.

உண்மையில் இங்கே கடன் ஏதும் இல்லை. சில்லறை மாற்றுதலே நிகழ்கிறது. கையில் ஐந்து நூறு ரூபாய்த் தாள்களும் மூன்று ஒரு ரூபாய்க் காசுகளும் உள்ளன என்று கொள்க. 278 ரூபாய் கொடுக்கவேண்டும். முதற்படி, ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றுக. இப்போது நூறு நான்கு, பத்து பத்து, காசு மூன்று. இரண்டாம் படி, ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பத்துக் காசுகளாக மாற்றுக. இப்போது நூறு நான்கு, பத்து ஒன்பது, காசு பதின்மூன்று. இதுகாறும் ஒரு காசும் குறையவில்லை. கையிலிருப்பது அதே 503 தான். உருவம் மட்டுமே மாறியது. இனிக் கழிக்கலாம். பதின்மூன்றில் எட்டுப் போக 5. ஒன்பதில் ஏழு போக 2. நான்கில் இரண்டு போக 2. விடை 225. சரிபார்க்க, 278-உடன் 225-ஐக் கூட்டினால் 503 மீண்டும் வருகிறது.

நெல் அளந்த முன்னோர் இதனைக் களத்தில் கண்ணாலேயே கண்டனர். எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி மூன்று நாழி நெல்லிலிருந்து ஐந்து நாழி கொடுக்கவேண்டுமாயின், ஒரு குறுணியைக் கொட்டி எட்டு நாழியாக அளப்பர். பதினொரு நாழியில் ஐந்து போக ஆறு நாழி. மீதி ஒரு குறுணி ஆறு நாழி. அங்கே கடன் என்னும் சொல்லுக்கு இடமே இல்லை. ஒரு சொல்லைத் திருத்தினால் ஒரு கணக்கு விளங்குகிறது என்றால், அது தமிழாசிரியர் தொழிலும் அன்றோ?

பெயரே வழியாதல்

கழித்தலுக்கு அடுத்துச் சிறார் அஞ்சுவது பின்னத்தை. அரையும் மூன்றில் ஒன்றும் கூடினால் எவ்வளவு என்று கேட்டால், மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்பர். ஒரு நொடி நின்று நோக்கினால் இது பொருந்தாது என்பது வெளிப்படை. அரையோடு எதனைக் கூட்டினும் அரையினும் மிகவேண்டும். ஐந்தில் இரண்டோ அரையினும் குறைவு. ஆறு சமத் துண்டுகளாக வெட்டிய வெல்லக் கட்டியைக் கொள்க. அரை என்பது மூன்று துண்டு. மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. கூடினால் ஐந்து துண்டு. ஆதலின் விடை ஆறில் ஐந்து. ஆறு என்னும் எண் எதற்கு? இரண்டாலும் மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் அதுவே. அளவுகோல் ஒன்றானால்தான் கூட்டல் இயலும்.

பழந்தமிழ்ப் பின்னப் பெயர்கள் இவ்வழியைத் தம்முள்ளேயே கொண்டிருந்தன. காலில் அரை அரைக்கால். அஃது எட்டில் ஒன்று. மூன்று கால் முக்கால். இருபதில் ஒன்று மா. அதில் பாதி அரைமா. எண்பதில் ஒன்று காணி. அதில் பாதி அரைக்காணி. அதிலும் பாதி முந்திரி, அதாவது 320-இல் ஒன்று. மூன்று காணி முக்காணி. இவற்றுள் மாகாணி என்னும் பெயர் தனியே நோக்கத்தக்கது. மாவும் காணியும் கூடியது மாகாணி. ஒரு மா என்பது நான்கு காணி. நான்கு காணியும் ஒரு காணியும் ஐந்து காணி. எண்பதில் ஐந்து என்பது பதினாறில் ஒன்று. மாகாணியின் அளவும் பதினாறில் ஒன்றே. ஒரு கூட்டற் கணக்கு முழுவதும் மூன்றெழுத்துச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. முக்காலும் அரைக்காலும் கூடினால் எவ்வளவு என்று கேட்டால், முக்கால் என்பது ஆறு அரைக்கால், அதனோடு ஒன்று ஏழு அரைக்கால் என்று திண்ணைப் பள்ளிச் சிறுவன் பெயரைக் கொண்டே வழி கண்டிருக்க முடியும்.

1957-இல் பதின்மக் காசு முறை வந்தது; அதனை அடுத்து மீட்டர் அளவைகளும் நிலைபெற்றன. பழைய பெயர்கள் வழக்கிழந்தன. புதுமுறை எளிது, அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின் பெயருக்குள் இருந்த வழி மறைந்தபோது, அவ்வழியை வேறு சொற்களால் எடுத்துரைக்கும் பொறுப்பு ஆசிரியர்மேல் ஏறியது. அப்பொறுப்பை எல்லா வகுப்பறைகளும் உணர்ந்தன என்று கூற இயலாது.

இலக்கணிகள் இப்பொறுப்பை உணர்ந்தவர்கள். ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவது எவ்வாறு என்று நன்னூலார் படிப்படியாகக் காட்டுகிறார். வருமொழியாகிய பத்து நூறாகத் திரியும். நிலைமொழி முதலில் உள்ள ஒகரத்தோடு தகர மெய் சேரும். இறுதியில் நின்ற 'பது' நீங்கும். எஞ்சிய னகர ஒற்று ணகர ஒற்றாகும். தொண், நூறு, தொண்ணூறு. இவ்விளக்கத்தில் ஒரு படியைத் தாண்டினாலும் மாணவர் வழி தவறுவர் என்பதைப் புணரியல் கற்பித்தோர் அறிவர். கணக்காசிரியருக்கும் அதே நிலைதான்.

வேற்றுமையில் நிற்கும் விடை

எண்கள் மட்டும் உள்ள கணக்கினும் வழிக்கணக்கு கடினம் என்பர். வழிக்கணக்கு என்பது ஒரு சிறு உரைநடை. அதனைப் படித்துப் பொருள் கொள்ளாமல் கணக்கைத் தொடங்க இயலாது.

"வள்ளியிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. அவை கயலிடம் உள்ளவற்றைவிட 5 மிகுதி. கயலிடம் உள்ளவை எத்தனை?" மாணவர் பலர் 17 என்று எழுதுவர். 'மிகுதி' என்னும் சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுகின்றனர். 'கூடுதல் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று குறுக்குவழி கற்பித்ததன் பயன் இது. சொல்லைப் பார், தொடரைப் பார்க்காதே என்பதன்றி அக்குறுக்குவழிக்கு வேறு பொருள் இல்லை.

இங்கே விடை நிற்பது 'விட' என்னும் சொல்லுருபில். உறழ்ந்து கூறும்போது எது எல்லை, எது எல்லையைக் கடந்தது என்று காணவேண்டும். எல்லையாய் நிற்பவை கயலின் பழங்கள். கடந்து நிற்பவை வள்ளியின் பழங்கள். முதற்படி, மிகுதி யாரிடம்? வள்ளியிடம். இரண்டாம் படி, ஆகவே குறைவு யாரிடம்? கயலிடம். மூன்றாம் படி, எவ்வளவு குறைவு? ஐந்து. பன்னிரண்டில் ஐந்து போக 7. சரிபார்க்க, ஏழைவிட ஐந்து மிகுதியானது பன்னிரண்டு. இக்கணக்கில் தவறிய மாணவருக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. வேற்றுமைப் பொருள் விளங்கவில்லை. அவரைத் திருத்தவேண்டியவர் யார் என்பதை இவ்வவை சிந்திக்கலாம்.

மற்றொன்று: ஆறு ஆட்கள் பத்து நாளில் முடிக்கும் வேலையை நான்கு ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்? ஆள் குறைந்தால் நாளும் குறையும் என்று இயந்திரம் போல் வகுத்து, ஏழு நாளுக்கும் குறைவாக விடை காண்போர் உண்டு. நடவு வேலை அறிந்த வீட்டுப் பிள்ளையும் ஏட்டைத் திறந்ததும் அந்த அறிவை வாயிலில் விட்டுவிட்டு வருகிறது. முதலில் கேட்கவேண்டியது, ஆள் குறைந்தால் நாள் கூடுமா குறையுமா என்பது. கூடும். அடுத்து, மொத்த வேலை எவ்வளவு? ஆறு பேர் பத்து நாள் உழைத்தால் 60 ஆள்நாள். ஒருவரே செய்தால் 60 நாள் ஆகும். அதனை நால்வர் பகிர்ந்தால் 15 நாள். பத்தினும் பதினைந்து மிகுதி. முதலில் எண்ணியதோடு பொருந்துகிறது.

எப்படியும் ஏனும்

கணக்கையும் யாப்பையும் இணைத்த நூல்கள் தமிழில் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அவற்றுள் புகழ்பெற்றது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் தொகையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பருகில் உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். முட்கள் 50 எனின் 300. ஐந்தால் வகுக்க 60 சுளை. படிகள் தெளிவாக உள்ளன. ஆறு ஏன், ஐந்து ஏன் என்பதற்கு அச்செய்யுளில் விடை இல்லை.

அதே நூல் வட்டத்தின் பரப்பிற்கும் வழி கூறுகிறது. சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கவேண்டும். விட்டம் 14 எனின் சுற்றளவு ஏறத்தாழ 44. பாதிகள் 7, 22. பெருக்க 154. இங்கே ஏன் என்னும் வினாவிற்கு விடை காணலாம். வட்டத்தை மையத்திலிருந்து மெல்லிய கூறுகளாக அரிந்து, ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியுமாக அடுக்கினால், ஏறத்தாழ ஒரு செவ்வகம் அமையும். கூறுகள் மெல்லியவாக ஆக ஆக அது செவ்வகத்தை நெருங்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. பெருக்கினால் பரப்பு.

இவ்விரு கணக்குகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. படிகளை ஓதுவித்தல் போதாது. எப்படி என்பதை மட்டும் கற்றவர் பலாச்சுளை எண்ணுவோரைப் போல்வர். கணக்கு மாறியதும் திகைத்து நிற்பர். ஏன் என்பதையும் அறிந்தவர் வழி மறந்தாலும் அதனை மீண்டும் அமைத்துக்கொள்வர்.

அழிந்த வழி

வழி இல்லாத விடைக்கு என்ன நேரும் என்பதற்குத் தமிழகமே தந்த சான்று சீனிவாச இராமானுசன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920-இல் மறைந்த அம்மேதை, தாளின் அருமை கருதிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதினார் என்பர். அக்குறிப்பேடுகளில் முடிவுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நிறுவும் வழிகள் பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு வழி காட்டி புரூசு பெர்ண்ட் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. ஒருவர் கற்பலகையில் அழித்த வழியை மீட்கக் கணிதவாணர் பலரின் உழைப்பு வேண்டியிருந்தது. இராமானுசனின் முடிவுகளை உலகம் தேடி வந்து நிறுவியது. பெயரறியாப் பள்ளிச் சிறுமி அழித்த வழியைத் தேடி வருவார் யார்?

கைக்கருவி நொடியில் விடை தரும் காலம் இது. விடைக்கு இனிப் பஞ்சமில்லை. ஆயின் விடை மட்டுமே பெற்றவர் அது சரியா என்று அறியார். கடையில் சில்லறை எண்ணும்போதும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும், பிறர் சொன்னதை நம்பி நிற்பார். வழி அறிந்தவர் கேள்வி கேட்பார். எளியோர் ஏமாறாமல் வாழ்வதற்கு இதனினும் உறுதியான துணை வேறில்லை.

பாவலர் சொல்லாது விடும் உரிமை பெற்றவர். இரு அடிகளுக்கு இடையே உள்ள மௌனத்தைக் கற்பார் நிரப்பிக்கொள்வர். கற்பிப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் விட்ட இடத்தில் குழந்தை விழுகிறது. ஆயினும், விட்ட இடம் எது என்று கண்டறியும் கூர்மை பாவலர்க்கே மிகுதி. ஒரு சொல்லின் நிழலையும் ஆராய்ந்து பழகிய அக்கண்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கேட்டில் ஒரு பக்கத்தைப் படிக்கலாகாதா?

தமிழில் 'படி' என்னும் சொல் ஏறும் படியையும், அளக்கும் படியையும், கற்பாய் என்னும் ஏவலையும் ஒருங்கே குறிக்கும். வட்டத்தின் பதினோராம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையின் தவறிய கணக்கு ஒன்றையேனும் எடுத்து, கோடு இடுவதற்குமுன் படிப்பாராக. "இந்த 5 எங்கிருந்து வந்தது, அம்மா?" என்று கேட்பாராக. சிறுமி முதலில் தயங்குவாள். தவற்றைக் கேட்பவர் வைவதற்கே கேட்பர் என்று அவள் பழகியிருக்கிறாள். சிறிது பொறுத்திருந்தால், "எட்டில் மூன்று போச்சு" என்று மெல்லக் கூறுவாள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதன்பின் நூறு ரூபாய்த் தாளை மாற்றிக் காட்டுவது எளிது.